திரைப்பட இதழ்களின் முகப்பட்டை

இதழை வாங்குவார் முதற்கண் காண்பது அட்டை. அதனைத் தொகுத்துக் காப்பார் முதற்கண் நீக்குவதும் அட்டையே. திங்களிதழ்களை ஆண்டுத் தொகுதியாகக் கட்டுங்கால் முகப்பட்டையையும் விளம்பரத் தாள்களையும் களைந்துவிட்டு, எஞ்சிய பக்கங்களை மட்டும் தைத்துக் கட்டுதல் நூலகங்கள் பலவற்றில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளிவந்த திரைப்பட இதழ்களின் அட்டைகளை ஒப்புநோக்க விரும்பி நூலகம் ஒன்றற்குச் சென்றிருந்தேன். இருபது தொகுதிகளுக்கு மேல் புரட்டியும் ஓர் அட்டையும் கண்டிலேன். கதைச் சுருக்கங்கள் இருந்தன. வினா விடைப் பகுதிகள் இருந்தன. முந்தைய இதழின் அச்சுப்பிழைக்கு வருந்தும் குறிப்பும் இருந்தது. அவ்விதழ்களை மக்கள் கையில் எடுக்குமாறு செய்த அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. பின்னர்ப் பழைய புத்தகக் கடைகளிலும், ஆர்வலர் சிலரின் வீட்டுப் பெட்டிகளிலும், மின்படிகளிலும் கண்ட அட்டைகளே இக்கட்டுரைக்கு அடிப்படை.

திரைப்பட இதழின் அட்டைக்கும் தமிழ்த் துறைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். பாயிரத்தைப் பற்றி நம் இலக்கண நூலார் அத்துணை விரிவாகப் பேசியது ஏன் என்பதை எண்ணின் அவ்வினா எழாது. பாயிரத்திற்கு வழங்கும் பெயர்களுள் நூன்முகம் என்பது ஒன்று. புனைந்துரை என்பது மற்றொன்று. முகம், புனைவு என்னும் இவ்விரு சொற்களும் இதழின் அட்டைக்கு யாரோ திட்டமிட்டு அமைத்தவை போலப் பொருந்துகின்றன. மேலும், பாயிரம் உணர்த்த வேண்டுவனவற்றுள் 'கேட்போர்' என்பதனையும் நன்னூலார் சேர்த்தெண்ணினார். இந்நூல் யாருக்கு உரியது என்பதை நூலுள் புகுமுன்னரே அறிவித்தல் வேண்டும் என்பது கருத்து. திரைப்பட இதழின் அட்டையும் தனக்குரிய கேட்போரைக் கூட்டத்தினின்று பிரித்தெடுத்துத் தன்பால் அழைக்கின்றது. எவ்வாறு அழைக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அழகிய முகத்தைக் காட்டி அழைக்கின்றது என்று எளிதாக விடை கூறிவிடலாம். அவ்விடை பொய்யன்று, ஆயின் போதாது. அம்முகத்தைத் திரையரங்கில் முப்பதடி அகலத் திரையில் கண்டவன், ஒருசாண் தாளில் மீண்டும் காணக் காசு கொடுப்பானேன்? திரை அவனுக்குத் தாராத ஒன்றை அட்டை தருதல் வேண்டும். திரை தாராதன எவை, அவற்றை அட்டை யாங்ஙனம் தந்தது என்று நோக்குவார்க்கு இவ்விதழ்களின் வடிவமைப்பு விளங்கத் தொடங்கும்.

வண்ணம்

திரைப்பட நேயர்க்கென்றே அமைந்த இதழ்கள் அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டில் தோன்றின. அவற்றுள் சிகாகோ நகரில் பிறந்த 'ஃபோட்டோப்ளே' பிற்காலத்தில் பெரும்புகழ் எய்தியது. தொடக்கத்தில் படக்கதைகளை உரைநடையாக்கி வெளியிட்டு வந்த அவ்விதழ், 1932இல் மறைந்த ஜேம்ஸ் குவர்க் ஆசிரியராய் விளங்கிய காலத்தில் நடிகர்களின் வாழ்வையும் தொழிலையும் பேசும் இதழாக வளர்ந்தது. அக்காலத்து அட்டைகளை ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங், சார்லசு செல்டன், ஏர்ல் கிறிஸ்டி முதலிய ஓவியர்கள் வரைந்தனர். பேஸ்டல் எனப்படும் வண்ணக்கோலால் தீட்டும் முறை அவர்களிடம் சிறந்திருந்தது. அமைப்பு பெரிதும் ஒன்றே: ஒரே முகம், அதுவும் பெரும்பாலும் பெண்முகம், பின்னே வேறு பொருள் எதுவும் இல்லாத வெறும் நிறப்பரப்பு, மேலே இதழின் பெயர்.

நடிகையரின் ஒளிப்படங்கள் எண்ணிறந்தன கிடைத்த காலம் அது. படப்பிடிப்பு நிலையங்கள் அவற்றை இலவசமாகவே இதழ்களுக்கு வழங்கின. அவ்வாறிருக்கவும் பொருள் செலவிட்டு ஓவியரை அமர்த்தியது ஏன்? ஒளிப்படம் கருமையும் வெண்மையுமாக இருந்தது. திரைப்படமும் அவ்வாறே இருந்தது. ஒரு நடிகையின் கண் நீலமா பழுப்பா, கூந்தல் பொன்னிறமா செந்நிறமா என்பதைத் திரையில் பார்த்து அறிய வழியில்லை. அதனை அறிவித்தது அட்டை. முழு நீளமும் மூவண்ணத் தொழில்நுட்பத்தில் அமைந்த முதற்படமான 'பெக்கி ஷார்ப்' 1935இல்தான் வெளிவந்தது. அதுகாறும், அரங்கில் நிறமின்றிக் கண்ட முகத்தை நிறத்தோடு காண விரும்பியவன் கடைக்குச் செல்ல வேண்டியவனாயினான். 1930களின் இறுதியில் பால் ஹெஸ்ஸே போன்றாரின் வண்ண ஒளிப்படங்கள் 'ஃபோட்டோப்ளே'யின் அட்டைக்கு வந்தன. ஓவியரின் கை மெல்ல விலகிற்று. படங்கள் பலவும் இன்னும் நிறமின்றியே வெளிவந்துகொண்டிருந்தமையால், அட்டையின் சிறப்பு அதனால் குன்றவில்லை.

இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. சற்று நீண்ட காலம் நிகழ்ந்தது. பம்பாயில் பாபுராவ் பட்டேல் 1935இல் தொடங்கிய 'ஃபிலிம்இந்தியா' என்னும் ஆங்கிலத் திங்களிதழ் தன் கூரிய எழுத்தாலும் தீட்டிய அட்டைகளாலும் பெயர்பெற்றது. குல்பர்கா நகரத்தவரான எசு. எம். பண்டித் அவ்வட்டைகளைத் தீட்டிய ஓவியருள் தலைசிறந்தவர். இவரே தெய்வ உருவங்களையும் புராணக் காட்சிகளையும் நாட்காட்டிகளுக்கு வரைந்து பெரும்புகழ் பெற்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இதன் பொருத்தம் பின்னர் விளங்கும்.

தமிழில் 'பேசும் படம்' 1942இல் சென்னையில் தோன்றியது. (அப்பெயரைத் தாங்கிய அட்டை பேசாப் படம் என்பது ஒரு சுவையான முரண்.) முழு நீளமும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்த் திரைப்படமான 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' வெளிவந்தது 1956இல். இடைப்பட்ட 14 ஆண்டுகளில் தமிழ் நடிக நடிகையரின் நிறத்தைத் தமிழ் மக்கள் எங்கே கண்டனர்? 1956க்குப் பின்னும் வண்ணப்படம் அருவழக்காகவே நெடுநாள் இருந்தது. தியாகராஜ பாகவதரின் மேனி நிறத்தை வியந்து பேசினோர் பலர். அவரைக் கச்சேரி மேடையில் நேரிற் கண்டோர் அவர்களுள் ஒரு பகுதியினரே. ஏனையோர் திரையிற் கண்டது சாம்பல் நிறத்தின் படிகளை மட்டுமே. அவர்தம் வியப்பிற்கு வாய்மொழிச் செய்தியும், அட்டைகளும், சுவரொட்டிகளும் அடிப்படையாதல் வேண்டும்.

கருப்பு வெள்ளை ஒளிப்படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டி, அதிலிருந்து மூவண்ண பிளாக்குகள் செய்து அச்சிடுதல் அந்நாளைய வழக்கங்களுள் ஒன்று. நடிகையின் உண்மை நிறம் ஒளிப்படத்தில் இல்லை. தீட்டுவோன் அவரை நேரிற் கண்டவனாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே அவர் உடுத்த சேலை பச்சையா நீலமா என்பதை மட்டுமன்றி, அவர்தம் மேனி எந்நிறம் என்பதையும் முடிவு செய்தவன் அவனே. அவன் முடிவு செய்த நிறம் யாது? நான் கண்ட அட்டைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் அது வெண்மை கலந்த இளஞ்சிவப்பு. கன்னத்தில் ரோசா நிறம். நெற்றியில் ஏறக்குறையத் தாளின் வெண்மை. மாமை என்னும் நிறத்தை, மாந்தளிரின் ஒளியும் மென்மையும் உடைய அந்நிறத்தை, மகளிர்தம் எழிலாகச் சங்கப் புலவர் மீண்டும் மீண்டும் பாடினர். தலைவனைப் பிரிந்தாள் வருந்துவது தன் மாமைக் கவின் கெடுவதற்காக. அந்நிறம் தமிழ்நாட்டில் இன்றும் எங்கும் காணக்கூடியது. தமிழ்த் திரைப்பட இதழின் அட்டையில் அதனைக் காண நான் பெரிதும் முயன்றேன். எண்ணிக் கூறத்தக்க அளவிலும் கிட்டவில்லை.

அச்சுத் தொழிலை அறிந்தார் இதற்கு ஒரு காரணம் கூறுவர். மஞ்சள், செந்நீலம், நீலம் என்னும் மூன்று மைகளும் நுண்புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தே எந்நிறமும் தோன்றும். பழுப்பு நிறத்திற்கு மூன்றும் அளவறிந்து கலத்தல் வேண்டும். நீலம் சற்று மிகுந்தால் முகம் பச்சை பாயும், செந்நீலம் மிகுந்தால் காய்ச்சல் கண்டாற்போலச் சிவக்கும். இளஞ்சிவப்பிற்கோ நீல மை மிகச் சிறிதே வேண்டும். ஆதலின் பிழை நேரினும் தெரியாது. பிளாக்குகள் மயிரளவு விலகினாலே உதட்டின் சிவப்பு உதட்டைவிட்டு வழியும் அந்நாளில், அச்சகத்தார் எளிய வழியை நாடியது இயல்பே. ஆயினும் பழி முழுவதையும் மையின்மேல் ஏற்றிவிடுதல் பொருந்தாது. அதே அட்டையில் நாயகி சாய்ந்திருக்கும் தேக்கு நாற்காலியின் பழுப்பு நிறம் செவ்வையாக அச்சாகியிருக்கின்றது. நாற்காலிக்கு இயன்றது முகத்திற்கு இயலாமற் போனது தொழில்நுட்பத்தால் அன்று. 'கேட்போர்' எதனை விரும்புவர் என்று இதழாசிரியர் கருதினாரோ அது அச்சாயிற்று. அச்சானதைக் கண்டு கண்டு கேட்போரும் அதனையே விரும்பலாயினர். இவற்றுள் எது முன், எது பின் என்று பிரித்தல் அரிது.

நோக்கு

வண்ணத்தினும் நுண்ணியது நோக்கு. திரைப்படத்தில் நடிகர் படக்கருவியை நேரே நோக்குதல் கூடாது என்பது கதைப்படங்களின் பொது மரபு. காதலி காதலனை நோக்குவாள்; தாய் மகனை நோக்குவாள்; அரங்கில் இருப்பவனை எவரும் நோக்கார். அவன் இருப்பதையே அறியாதவர் போல் அவர்கள் வாழ்ந்து காட்டுவர். மறைந்து நின்று காண்பவனுக்கு உரிய இன்பமே அவனுக்கு வாய்ப்பது. (பாடற் காட்சிகளிலும் புராணப் படங்களிலும் இம்மரபு அடிக்கடி தளரும், அது தனியே ஆராய்தற்குரியது.) அட்டையிலோ அதே முகம் அவனை நேரே நோக்குகின்றது. மூன்று மணிநேரம் தன்னைக் கண்டுகொள்ளாதவள் மறுநாட் காலை கடைவாயிலில் அவனைக் கண்டு முறுவலிக்கின்றாள். திரை தாராத இரண்டாவது பொருள் இது.

நேர்நோக்கிற்கு இன்னோர் இயல்பும் உண்டு. தட்டையான தாளில் கண்மணி நடுவில் அமையுமாறு வரைந்த முகம், காண்பவன் எப்பக்கம் நின்றாலும் அவனையே நோக்குவதாகத் தோன்றும். சிலைக்கு இவ்வியல்பு இல்லை. உயிருள்ள முகத்திற்கும் இல்லை. இரயில் நிலைய மேடையில் ஹிக்கின்பாதம்ஸ் கடையைக் கடந்து இருபுறமும் நடப்பார் அனைவரையும் ஒரே அட்டை ஒரே பொழுதில் நோக்கும். பலரையும் நோக்கியும் ஒவ்வொருவனும் 'என்னையே நோக்கினாள்' என்று எண்ணுமாறு நோக்குதல் தெய்வத் திருவுருவிற்கு உரியதாக நம் மக்கள் போற்றிய பண்பு. நாட்காட்டித் தெய்வங்களைத் தீட்டிய பண்டித்தின் கையே 'ஃபிலிம்இந்தியா'வின் அட்டையையும் தீட்டியது என மேலே குறித்தோம். தமிழகத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு நாடக மேடைத் திரைச்சீலை எழுதி, பின்னர் நாட்காட்டித் தெய்வங்களை வரைந்து வீடுதோறும் அறியப்பட்டார். மேடை, பூசையறை, இதழட்டை என்னும் மூன்றும் வெவ்வேறு உலகங்கள் எனினும், நேர்நோக்கிய முகம், அகன்ற விழி, பின்னே ஒளிவட்டம் போன்ற வெளிச்சம் என்னும் முறை அவற்றிடையே தடையின்றிச் சென்று வந்தது. இதனை வைத்து நடிகரை மக்கள் தெய்வமாகக் கருதினர் என்று முடிவு கூறுவார் உளர். அத்துணை விரைதல் வேண்டா. காட்சி தரும் முகத்தை எவ்வாறு அமைப்பது என்பதற்கு ஒரு நல்ல முறை கையில் இருந்தது. தொழில் அறிந்தோர் அதனை எடுத்தாண்டனர் என்ற அளவில் நிற்பதே தக்கது.

முகத்தில் தோன்றும் மெய்ப்பாட்டையும் நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டார். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வெளிவந்த நம் குடும்பப் படங்களில் ஓங்கி நின்றது அழுகை. கைம்பெண் அழுவாள், கைவிடப்பட்டாள் அழுவாள், இறுதியில் இன்பம் நேர்ந்தபோதும் அழுவாள். அப்படங்கள் வெளிவந்த அதே திங்களின் அட்டையில் அதே நடிகையின் முகத்தில் உவகையன்றிப் பிறிதொன்றும் இல்லை. படத்தின் சுவையை அட்டை பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. விற்கப்பட்டது படம் அன்று. படத்திற்குப் புறத்தே, அப்பாத்திரத்தின் துயரம் தீண்டாத ஓரிடத்தில், நலமாக வாழும் ஒருவரோடு கொள்ளும் அறிமுகம். அரங்கில் அழுது வந்தவனுக்கு 'அவள் நலமாகத்தான் இருக்கின்றாள்' என்று அட்டை ஆறுதல் கூறிற்று என்றுகூடச் சொல்லலாம்.

மஞ்சள் அட்டை

இதற்கு நேர்மாறான ஓர் அட்டையமைப்பைப் பாரிசு நகரில் காண்கின்றோம். ஆந்த்ரே பசேன், சாக் தொனியோல்-வால்குரோசு, லோ தூக்கா ஆகியோர் 1951 ஏப்பிரலில் தொடங்கிய 'காயே து சினிமா' என்னும் இதழின் அட்டை மஞ்சள் நிறத்தது. அம்மஞ்சளின் நடுவே ஒரு திரைப்படத்தினின்று எடுத்த கருப்பு வெள்ளைக் காட்சிப்படம், இதழின் பெயர், வேறு அழைப்பு இல்லை. துருஃபோ, கோதார், ரோமர், ரிவெத், சப்ரோல் முதலாயினோர் இயக்குநராகப் புகழ்பெறுமுன் எழுதிப் பழகிய களம் இது. 1964ஆம் ஆண்டின் இறுதியில் உரிமை கைமாறி வடிவம் மாறும்வரை அம்மஞ்சளே அதன் அடையாளமாக இருந்தது. இன்றும் அறிஞர் அக்காலப் பகுதியை மஞ்சள் இதழ்களின் காலம் என்றே சுட்டுவர்.

இங்கே வண்ணம் முகத்தில் இல்லை; முகத்தைச் சூழ்ந்த விளிம்பில் இருக்கின்றது. நிறமற்ற திரையை நிறமற்றதாகவே விட்டு, அதற்கு ஒரு சட்டம் மாட்டியது போன்ற அமைப்பு. வண்ண பிளாக்குகளின் செலவு இல்லை. ஒரு மஞ்சள் மையும் ஒரு கரிய மையும் போதும். சிக்கனமும் கொள்கையும் ஒருங்கே அமைந்த அரிய பொருத்தம் இது. காட்சிப்படத்தில் இருப்போர் பெரும்பாலும் தம் கதையினுள் ஆழ்ந்திருப்பர், வாங்குவானை நோக்கார். திரை தாராததைத் தருவேன் என்று இவ்வட்டை கூறவில்லை. திரையில் ஓடி மறைந்த ஒரு கணத்தை நிறுத்தி வைக்கின்றேன், வந்து கூர்ந்து நோக்குக என்று கூறுகின்றது. நிலைபேறு ஒன்றே அது தரும் புதுப்பொருள். நடிகரின் அறிமுகத்தை நாடும் கேட்போர் விலகிச் செல்வர். படத்தின் ஆக்கத்தை நாடும் கேட்போர் அணுகுவர். சிறிய கூட்டம்தான், ஆயினும் தனக்குரிய கூட்டம்.

அவ்விதழின் முதல் அட்டையில் இடம்பெற்றது பில்லி வைல்டர் இயக்கிய 'சன்செட் புலிவார்டு' (1950) படத்தில் குளோரியா சுவான்சன் தோன்றும் காட்சி. இத்தேர்வு தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. ஊமைப்படக் காலத்துப் பேரழகியாய் விளங்கித் திரைப்பட இதழ்களின் ஓவிய அட்டைகளில் இடம்பெற்ற முகம் அது. அப்படத்திலோ உலகம் மறந்துவிட்ட பழைய நடிகையாகவே வருகின்றார். இறுதிக் காட்சியில் அவர் மாடிப்படியிலிருந்து இறங்கி, கதைப்படத்தின் பொது மரபை மீறிப் படக்கருவியை நோக்கி நேரே வருகின்றார். நேயரை நோக்கும் பழைய அட்டை முகமே திரைக்குள் புகுந்துவிட்டாற் போன்ற காட்சி அது, அச்சம் தருவது. நேர்நோக்கு அட்டையில் இனிதாகவும் திரையில் கொடிதாகவும் இருத்தலை இதனினும் தெளிவாகக் காட்டும் படத்தை நான் அறியேன்.

சொல்லும் கடையும்

இனி அட்டையில் அமையும் சொற்களைக் காண்போம். முன்னாளைய அட்டைகளில் சொற்கள் சிலவே. இதழின் பெயர், திங்கள், விலை, முகத்திற்குரியார் பெயர் என்ற அளவில் நின்றன. 1952 மார்ச்சில் 'ஃபிலிம்ஃபேர்' காமினி கௌசலின் முகத்தோடு தொடங்கியபோதும் முகமே முதன்மை பெற்றிருந்தது. சொற்கள் பெருகியது வண்ணம் மலிந்த பின்னரே. திரையிலும் பிற இதழ்களிலும் நாளிதழ்களிலும் வண்ணம் எளிதிற் கிட்டத் தொடங்கியதும், வண்ணமுகம் என்னும் ஒன்றே அழைக்கப் போதவில்லை. திரை தாராத வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. அவ்வேறொன்று மறைபொருள்.

பம்பாயில் 1971 அக்டோபரில் தோன்றிய 'ஸ்டார்டஸ்ட்' தன் முதல் அட்டையில் ராஜேஷ் கன்னாவின் படத்தோடு, அவர் இரகசியமாகத் திருமணம் புரிந்துகொண்டாரா என்னும் வினாவை அமைத்தது. வினா ஆறு வகைப்படும் என்பர் நன்னூலார். மேற்குறித்த வினா உருவத்தால் ஐயவினா. பயனை நோக்கின் கொளல்வினாவின் பாற்படும். ஆயின் ஒரு வேற்றுமை: கொளல்வினாவில் பொருளை வாங்க வந்தவன் கடைக்காரனை வினவுவான், இங்கே விற்கவந்தவன் வாங்குவோனை வினவுகின்றான். வினாக்குறிக்கு மற்றொரு பயனும் உண்டு. 'புரிந்துகொண்டார்' என்று எழுதின் சான்று காட்டல் வேண்டும்; 'புரிந்துகொண்டாரா' என்று எழுதின் வேண்டா. ஆகாரம் என்னும் ஓரெழுத்து வினா இடைச்சொல் பொறுப்பு முழுவதையும் படிப்பவன்மேல் இறக்கி வைத்துவிடுகின்றது. நம் நாளைய அட்டைகளில் இவ்விடைச்சொல் படும் பாட்டை மாணவர் எவரேனும் தனியே ஆராயலாம்.

சொற்களும் முகமும் எங்கே நிற்றல் வேண்டும் என்பதைக் கடை முடிவு செய்கின்றது. நம் பெட்டிக்கடைகளில் இதழ்களைக் கயிற்றில் க்ளிப் மாட்டி மேலும் கீழுமாகத் தொங்கவிடுவர். கீழிதழின் அடிப்பகுதியை அடுத்த வரிசை மறைக்கும். மேற்பகுதியே கண்ணிற் படும். ஆதலின் பெயர் மேலே, அதனை அடுத்துக் கண்கள். மேனாட்டுக் கடைகளில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்குங்கால் இடப்புறத்து மூன்றிலொரு பங்கே வெளித்தோன்றும். ஆதலின் முதன்மையான சொற்களை இடவிளிம்பில் நிறுத்துவர். புகழ்பெற்ற இதழ்கள் தம் பெயரின் நடுவெழுத்துகளை நடிகரின் தலையால் மறைத்துக் காட்டுதல் உண்டு. எழுத்தை முழுதும் படியாமலே மக்கள் தம்மை அறிவர் என்னும் பெருமிதத்தின் குறி அது. புதிதாகத் தோன்றிய இதழ் அதனைச் செய்யத் துணியாது.

அட்டையின் சொற்கள் கடையின் பொருட்டே என்பதற்கு ஐயமற்ற சான்று ஒன்று இங்கிலாந்தில் கிடைக்கின்றது. 1989இல் தொடங்கிய 'எம்பயர்' என்னும் திரைப்பட இதழ் ஒரே திங்களுக்குரிய இதழை இருவகை அட்டைகளோடு வெளியிடும் வழக்கத்தை உடையது. கடைக்குச் செல்லும் படியில் தலைப்புகள், பெயர்கள், எண்கள், வியப்புக்குறிகள் எல்லாம் நெருங்கி நிற்கும். ஆண்டுக்கட்டணம் செலுத்தியோர் வீட்டிற்குச் செல்லும் படியில் பெரும்பாலும் படம் மட்டுமே, அதுவும் பலகால் ஓவியம், அமைதியாக விளங்கும். உள்ளே இருக்கும் கட்டுரைகள் ஒன்றே. ஏற்கெனவே வாங்கிவிட்டவனைக் கூவி அழைக்க வேண்டுவதில்லை அன்றோ? இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், அட்டையில் எவை வாணிகத்திற்கு உரியன, எவை மதிப்பிற்கு உரியன என்பது கழித்தற் கணக்குப் போல் வெளிப்பட்டுவிடும். இலண்டனில் 2005இல் தோன்றிய 'லிட்டில் ஒயிட் லைஸ்' இன்னும் ஒருபடி சென்று, ஒவ்வோர் இதழிலும் ஒரு படத்தை முதன்மையாகக் கொண்டு, அதன் நடிகரை ஓவியமாகவே தீட்டி, அப்படத்திற்கு ஏற்ப உள்பக்கங்களின் அணிகளையும் மாற்றியமைத்தது. ஒளிப்படம் எங்கும் நிறைந்துவிட்ட காலத்தில், கையால் தீட்டிய முகமே காண்டற்கரியதாகி மீண்டும் அட்டைக்கு வந்தது. நூறாண்டுகட்கு முன் வண்ணத்தின் பொருட்டு வந்த ஓவியம் இப்போது கையின் பொருட்டு வந்திருக்கின்றது. 1997இல் தோன்றிய 'டோட்டல் ஃபிலிம்' போன்ற இதழ்கள் கடைவழி விற்பனையையே பெரிதும் நம்பி முகமும் சொல்லும் நெருங்கிய அட்டைகளோடு வந்தன. அவ்விதழ் 2024இல் நின்றுவிட்டது.

கடைகளே அருகிவரும் இந்நாளில் எஞ்சியுள்ள பழைய அட்டைகள் எங்கே உள்ளன என்று தேடினால், நூலகங்களினும் முடிதிருத்தகச் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளின் உள்மூடியிலுமே மிகுதியாகக் கிடைக்கின்றன. உள்பக்கங்கள் பொட்டலம் மடிக்கப் போயின, அட்டை ஒட்டப்பட்டது. நூலகத்தார் செய்ததற்கு நேர் எதிராக மக்கள் செய்திருக்கின்றனர். அண்மையில் சிற்றூர் ஒன்றின் முடிதிருத்தகத்தில் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் அத்தகைய அட்டை ஒன்றைக் கண்டேன். ஒளியில் முதலில் அழிவன மஞ்சளும் செந்நீலமும். நீலமும் கருமையும் நெடுநாள் நிற்கும். தீட்டுவோன் அரிதின் முயன்று ஏற்றிய ரோசா நிறம் முழுதும் போய், நடிகையின் முகம் நீலம் பாரித்திருந்தது. பெட்டியின் உள்மூடியில் வெயில் படாமல் இருந்த மற்றோர் அட்டையை அடுத்த தெருவில் ஒரு மூதாட்டி எடுத்துக் காட்டினார். அதில் சேலையின் பச்சையும் உதட்டின் சிவப்பும் அச்சான நாளிற்போலவே இருந்தன. விலைக்கு வேண்டுமா என்று வினவினேன், பெட்டியை மூடிவிட்டார்.